சிப்பிக் குவியலும் பகா எண்ணும்

எண்கணிதம் என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளுட் பலர் முகஞ் சுளிக்கின்றனர். காரணி, மடங்கு, முதன்மை எண் என்பனவெல்லாம் பரீட்சைக்கென்றே ஏற்பட்ட தொல்லைகள் என்பது அவர்கள் எண்ணம். உண்மையோ வேறு. ஒரு பொருளைப் பலர் பங்கிட வேண்டி நேர்ந்த அன்றே இக்கணக்குகளும் பிறந்துவிட்டன. பங்கு நேர்மையாக அமைந்ததா என்ற கேள்வி எழும் இடமெல்லாம் காரணியும் மடங்கும் முன்வந்து நிற்கும். இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை; மன்னார்க் கடலோரமே போதும்.

மூன்று குவியல்கள்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் ஊர்கள் உள்ளன. இவற்றிற்கு மேற்கே கடலடியில் முத்துச் சிப்பி விளையும் பார்கள் பல கிடக்கின்றன. பெரிய பார், சேவல் பார் என்பன அவற்றுட் பெயர் பெற்றவை. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், சிப்பிகள் முதிர்ந்த ஆண்டுகளில் மட்டும், மாசி பங்குனி மாதங்களையொட்டி இங்கே முத்துச் சலாபம் நடைபெற்றது. ஆளரவமற்ற மணற்பரப்பில் சில நாட்களுக்குள் ஓர் ஓலை நகரமே எழும்பும். தமிழகக் கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளிப்போர் வந்து கூடுவர். கல்லைக் காலிற் கோத்துக்கொண்டு கடலடிக்குச் சென்று, ஏறக்குறைய ஒரு நிமிட நேரம் மூச்சடக்கி, கைக்கு அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் அள்ளிவரும் தொழில் அது.

1905ஆம் ஆண்டுச் சலாபமே அண்மைக்கால வரலாற்றில் மிகப் பெரியது. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அவ்வாண்டில் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு இருபத்தைந்து இலட்சம் ரூபா அளவில் வருமானம் கிடைத்தது. அடுத்த ஆண்டு மரிச்சுக்கட்டியில் கடமையாற்றிய இளம் உத்தியோகத்தருள் லெனாட் வுல்ப் என்பவரும் ஒருவர். பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற அவர், 1961இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்று நூற்பகுதியில் அச்சலாபத்தைப் பற்றியும் எழுதியிருக்கின்றார்.

குளித்தோருக்கு நாட்கூலி என்று ஒன்றில்லை. எடுத்த சிப்பியில் ஒரு பங்கே அவர்களது ஊதியம். படகு கரை சேர்ந்ததும் சிப்பிகள் யாவும் ‘கொட்டு’ என வழங்கிய அரசாங்க அடைப்புக்குட் கொண்டுசெல்லப்படும். அங்கே குளித்தோர் தாமே அவற்றை மூன்று சம குவியல்களாகப் பிரித்து வைப்பர். உத்தியோகத்தர் வந்து இரண்டு குவியல்களை அரசாங்கத்துக்கெனத் தெரிந்துகொள்வார். எஞ்சிய ஒன்று குளித்தோரைச் சேரும். பிரிப்பவர் ஒருவர், தெரிபவர் மற்றொருவர் என்ற இவ்வேற்பாட்டின் நுட்பம் கவனிக்கத்தக்கது. எக்குவியல் தமக்கு எஞ்சும் என்பதைப் பிரிப்பவர் அறியார்; ஆதலால் மூன்றையும் ஒக்கப் பிரிப்பதே அவருக்கு நன்மை.

இனி, நாம் கணக்கைக் கவனிப்போம். அரசாங்கப் பங்கு இரவு வேளையில் ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்கப்படும். ஆயிரம் என்பது எண்ணுதற்கு இனிய எண்; ஆயினும் அதை மூன்று பேர் பங்கிட முடியாது. ஆளுக்கு 333 போக ஒன்று மிஞ்சும். ஒரு சிப்பிதானே என்று தள்ளிவிடலாமா? நூறு சிப்பிகளைத் திறந்தும் நல்முத்து ஒன்று அகப்படாமற் போவதுண்டு. மிஞ்சிய அந்த ஒன்றிலேயே பெருமுத்து இருந்துவிட்டால்? ‘மீதி’ என்று பள்ளிக்கூடத்தில் நாம் ஓரத்தில் எழுதிவைக்கும் எண், கடற்கரையில் ஒரு குடும்பத்தின் ஓராண்டு வாழ்வாகவும் இருக்கலாம்.

எண்ணாமல் எண்ணும் வழி

ஓர் எண்ணை மிச்சமின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள். ஓர் எண்ணை 1, 2, 3 என்று பெருக்கிப் பெறுவன அதன் மடங்குகள். 12இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறே. 12இன் மடங்குகளோ 12, 24, 36 என முடிவின்றிச் செல்லும். காரணி எண்ணுக்குள்ளே இருப்பது. மடங்கு எண்ணுக்கு வெளியே வளர்வது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் மாணவர் ஒருபோதும் மயங்கார்.

ஒரு படகில் 15,427 சிப்பிகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். இதனை மூன்றாற் பங்கிடலாமா? வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இலக்கங்களைக் கூட்டுக: 1, 5, 4, 2, 7; மொத்தம் 19. 19ஐ மூன்றால் வகுத்தால் மீதி 1. ஆகவே 15,427ஐ வகுத்தாலும் மீதி 1 தான்.

இஃது எங்ஙனம் இயலும்? பத்து என்பது ஒன்பதும் ஒன்றும்; நூறு என்பது தொண்ணூற்றொன்பதும் ஒன்றும்; ஆயிரம் என்பது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும் ஒன்றும். 9, 99, 999 ஆகியன எல்லாம் மூன்றால் வகுபடும். ஆகவே ஒவ்வொரு பத்தும், ஒவ்வொரு நூறும், ஒவ்வோர் ஆயிரமும் மூன்றாற் பங்கிடும்போது ஒன்றை மட்டுமே மிச்சமாக விட்டுச் செல்கின்றன. அந்த மிச்சங்களின் தொகையே இலக்கங்களின் கூட்டுத்தொகை. காரணம் விளங்கிவிட்டால் விதியை மனனம் செய்ய வேண்டியதில்லை. அது தானே மனத்தில் நின்றுவிடும்.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். குளித்தோரின் பங்கு, குளிப்பவனுக்கு இரண்டு, மேலிருந்து கயிறு பிடிப்பவனுக்கு ஒன்று என்ற முறையில் மீண்டும் பிரிகிறது என்று கொள்வோம். படகில் ஐந்து குளிப்போரும் ஐந்து கயிறு பிடிப்போரும் இருந்தால் அப்பங்கு 15 கூறாக வேண்டும். முதலில் மூன்று, பின்பு பதினைந்து. ஆகவே மொத்தச் சிப்பிகள் 45இன் மடங்காக இருந்தாலன்றி மிச்சம் வராமற் பிரியா. வேறொரு படகில் எவ்வேழு பேர் இருப்பின் 21 கூறு. மொத்தம் 63இன் மடங்கு வேண்டும். இருவகைப் படகுக்கும் ஒத்துவரும் மிகச் சிறிய தொகை எது? 45 என்பது 3 × 3 × 5. 63 என்பது 3 × 3 × 7. இரண்டிலும் உள்ள மூன்றுகளை ஒருமுறையே எடுத்து, ஐந்தையும் ஏழையும் சேர்த்தால் 3 × 3 × 5 × 7, அதாவது 315. ‘பொது மடங்குகளுட் சிறியது’ என்று பாடநூல் கூறுவது இதனையே.

முந்திரியும் மூன்றிலொன்றும்

இவ்விடத்தில் நம் முன்னோரின் கீழ்வாயிலக்கம் நினைவுக்கு வருகின்றது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைப் பாடஞ் செய்த நம் பாட்டன்மார், அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி எனப் பின்னங்களைத் தனித்தனிப் பெயரிட்டு வழங்கினர். மா என்பது இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி 320இல் ஒன்று. அரை என்பது 160 முந்திரி, கால் 80, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4. எல்லாம் கச்சிதமாக அமைகின்றன. காரணம் 320க்கு 14 காரணிகள் உள்ளமையே.

ஆனால் மூன்றிலொன்று எத்தனை முந்திரி? 106 முந்திரி வைத்தபின் 2 மிஞ்சுகின்றது. முந்திரியை மீண்டும் 320 கூறாக்கியது கீழ்முந்திரி; ஒன்றுக்கு 102,400 கீழ்முந்திரி. இதனை மூன்றாக்கினால் 34,133 போக 1 மிஞ்சுகின்றது. இன்னொரு முறை 320ஆற் பிரித்தாலும், நூறு முறை பிரித்தாலும் மிச்சம் ஒழியாது. ஏனெனில் 320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் சேர்ந்த பெருக்கம். அதனை அதனோடு எத்தனை முறை பெருக்கினும் இரண்டும் ஐந்தும் பெருகுமேயன்றி, ஒரு மூன்று எங்கிருந்தோ வந்து புகாது. சற்று முன் கண்ட 315, 320க்கு ஐந்தே எண் கீழே நிற்கும் அயலெண். அதற்கு மூன்றும் உண்டு, ஏழும் உண்டு. எண்களின் குணம் அவற்றின் பருமனில் இல்லை, காரணிகளில் இருக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ!

எனினும் தமிழ்க் கணக்கர் இங்கே நின்றுவிடவில்லை. கீழ்முந்திரியினும் நுண்ணிய ‘இம்மி’ என்னும் அளவை 1,075,200இல் ஒன்றாகக் கணக்கு அட்டவணைகள் காட்டுகின்றன. இவ்வெண் 51,200 × 21 ஆகும். 21 என்பது 3 × 7. ஆகவே இம்மியில் மூன்றும் ஏழும் வந்து சேர்ந்துவிட்டன. மூன்றிலொன்று என்பது 358,400 இம்மி, மிச்சம் ஒன்றுமில்லை. முந்திரியால் ஆகாதது இம்மியால் ஆயிற்று. ‘இம்மியளவும் பிசகாது’ என்று நாம் நாள்தோறும் சொல்கிறோமே, அச்சொல்லுக்குள் இவ்வளவு கணக்கு உறங்குகின்றது.

பகாப்பதமும் பகா எண்ணும்

320இல் மூன்று புகாது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது எதனால்? 2, 3, 5, 7 போன்றவை மேலும் உடையாத எண்கள் என்பதனால். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாத, ஒன்றினும் பெரிய எண்ணை இலங்கைப் பாடநூல்கள் முதன்மை எண் என்கின்றன. தமிழ்நாட்டார் பகா எண் என்பர். இரண்டாவது பெயர் இலக்கணம் கற்றோருக்கு இனிக்கும். நன்னூலார் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என இரண்டாக வகுத்தாரன்றோ? பிரித்தாற் பொருள் தரும் உறுப்புகளாகப் பிரிவது பகுபதம்; பிரிக்க ஒண்ணாதது பகாப்பதம். எண்ணிலும் அவ்வாறே. 12 பகுபதம் போன்றது. 13 பகாப்பதம் போன்றது.

பிள்ளைகளுக்கு இதனைக் காட்டப் புளியங்கொட்டை போதும். 12 கொட்டைகளை ஒரே வரிசையாக வைக்கலாம். இரண்டு வரிசையாக ஆறாறும் வைக்கலாம். மூன்று வரிசையாக நந்நான்கும் வைக்கலாம். 13 கொட்டைகளை எப்படி அடுக்கினாலும் ஒரே நீள வரிசைதான், நீள்சதுரம் அமையாது. ஒவ்வொரு பகு எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக எழுதலாம். வரிசையை மாற்றலாமேயன்றி, வேறு பகா எண்களால் அதே எண்ணை ஆக்க முடியாது. 360ஐ யார் உடைத்தாலும் மூன்று இரண்டுகளும், இரண்டு மூன்றுகளும், ஓர் ஐந்துமே கிடைக்கும்.

பத்துப் பெட்டிகளும் ஒரு சல்லடையும்

மன்னார்க் கரையில் முத்து வணிகர் முத்துக்களைத் தரம் பிரித்த விதத்தை இங்கே சொல்ல வேண்டும். பித்தளையாலான சிறு சல்லடைகள் பத்து அவர்களிடம் இருந்தன. அவற்றைப் ‘பெட்டி’ என்று வழங்கினர். முதற் பெட்டியில் 20 துளைகள்; அடுத்தவற்றில் முறையே 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. துளை குறைந்த பெட்டியில் துளையின் வாய் பெரிது. அதிலும் விழாமல் தங்குவதே பெருமுத்து. தங்காதவை அடுத்தடுத்த பெட்டிகளுக்குச் செல்லும். அந்தப் பத்து எண்களையும் மாணவர்கள் உடைத்துப் பார்க்கட்டும். இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய மூன்று பகா எண்களன்றி வேறொன்றும் கிடைக்காது. மூன்று கூட 30லும் 600லும் மட்டுமே வரும்.

முத்துக்குச் சல்லடை இருந்தது போல எண்ணுக்கும் ஒன்று உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்துப் பெருநூலகத்தின் தலைவராக விளங்கிய எரத்தொசுதெனிசு என்னும் கிரேக்க அறிஞரின் பெயரால் அது வழங்குகின்றது. 2 முதல் 100 வரை எழுதுக. 2ஐ வைத்துக்கொண்டு அதன் ஏனைய மடங்குகளை எல்லாம் அடித்துவிடுக. அடுத்து எஞ்சி நிற்பது 3. அதனை வைத்து அதன் மடங்குகளை அடிக்க. பின்பு 5, பின்பு 7. இவ்வளவே வேலை. அடிபடாமல் நிற்பவை 25 எண்கள். அவையே நூறுக்குட்பட்ட பகா எண்கள். பார்வைக்குப் பகா எண் போலத் தோன்றி ஏமாற்றும் 51, 57, 87, 91 ஆகியவை இச்சல்லடையில் தப்பாமல் விழுந்துவிடும்.

ஏழோடு ஏன் நிறுத்தினோம்? காரணிகள் எப்பொழுதும் இணையாகவே வரும். 360ஐ எடுத்துக்கொண்டால் 1உம் 360உம், 2உம் 180உம், 3உம் 120உம் எனத் தொடங்கி, 18உம் 20உம் என்ற இணையோடு முடியும். பன்னிரண்டு இணைகள், 24 காரணிகள். ஒவ்வோர் இணையிலும் சிறியது 19ஐத் தாண்டவில்லை. ஏனெனில் 19 × 19 என்பது 361. அதற்கு மேற்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கினால் 360ஐக் கடந்துவிடும். ஆகவே எந்த எண்ணைச் சோதித்தாலும் அதன் வர்க்கமூலம் வரை பார்த்தால் போதும். 11 × 11 என்பது 121 ஆகையால், நூறு வரையுள்ள எண்களுக்கு 11 தேவைப்படவில்லை.

ஆயிரத்துக்குச் சற்றுக் குறைந்த 997ஐச் சோதிப்போம். 32 × 32 என்பது 1,024. ஆகவே 31 வரையுள்ள பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். ஒற்றை எண், ஆதலால் 2 இல்லை. இலக்கத் தொகை 25, ஆதலால் 3 இல்லை. ஈற்றில் 0வோ 5வோ இல்லாமையால் 5 இல்லை. 7ஆல் வகுக்க மீதி 3, 11க்கு 7, 13க்கு 9, 17க்கு 11, 19க்கு 9, 23க்கு 8, 29க்கு 11, 31க்கு 5. ஒன்றும் மிச்சமின்றிப் போகவில்லை. 997 பகா எண். அத்தனை சிப்பிகள் கொண்ட குவியலை இருவருக்கோ, இருபது பேருக்கோ, இருநூறு பேருக்கோ சமமாகப் பங்கிட எவராலும் இயலாது.

கும்பகோணமும் கான்பூரும்

பங்கிடவே முடியாத எண் பகா எண்ணென்றால், எல்லாவற்றினும் அதிகமாகப் பங்கிடக்கூடிய எண் எது? இக்கேள்வியை ஆழ ஆராய்ந்தவர் நம் தமிழரே. 1887இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன், கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில், 1915இல் இதுபற்றி நீண்டதோர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். தனக்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளை உடைய எண்களை அவர் வரிசைப்படுத்தினார். 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 ஆகியன அவ்வரிசையில் வருவன. 320க்கு 14 காரணிகள் என்றோம். அதனினும் சிறிய 240க்கு 20 காரணிகள் உண்டு. நாள் 24 மணி, மணி 60 நிமிடம், வட்டம் 360 பாகை என்ற அளவைகளெல்லாம் இவ்வரிசையைச் சார்ந்தவையே.

பகா எண்ணைச் சோதிக்கும் துறையிலும் நம் பக்கத்தார் பின்தங்கவில்லை. 997க்குப் பதினொரு வகுத்தல் போதுமாயிற்று. நூறு இலக்கம் கொண்ட எண்ணாயின் இம்முறை எந்த இயந்திரத்தாலும் ஆகாது. உலகத்தின் ஆயுளும் போதாது. விரைவாகச் சோதிக்கும் வழிகள் வேறு இருந்தன. ஆயினும் எந்த எண்ணைக் கொடுத்தாலும், ஊகத்துக்கோ தற்செயலுக்கோ இடமின்றி, இலக்கங்கள் பெருகினும் வேலை கட்டுக்கடங்காமற் போகாது முடிவு கூறும் முறையொன்று உண்டென எவரும் நிறுவியிருக்கவில்லை. அதனை 2002இல் நிறுவியவர்கள் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வாலும், அவரிடம் பயின்று அப்பொழுதுதான் பட்டம் பெற்றிருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய இளைஞர் இருவருமாவர். இரண்டு பெரும் பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கத்தைக் கொடுத்து அவற்றைக் கண்டுபிடிக்கச் சொன்னால் மிகக் கடினம். 1977இல் இவ்வுண்மையின் மேல் அமைக்கப்பட்ட மறைகுறி முறை, வங்கிக் கணக்குகளையும் கணினிச் செய்திகளையும் காக்கும் பூட்டுகளுள் ஒன்றாகப் பயன்பட்டு வருகின்றது.

வீட்டிற் செய்யத்தக்கது

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு வாய்பாட்டை மனனம் செய்விப்பதோடு நின்றுவிடாதீர்கள். பலகாரத்தையோ, புளியங்கொட்டையையோ, கடற்கரையிற் பொறுக்கிய சோகிகளையோ முன்னே குவித்து, வீட்டில் உள்ளவர்களுக்குச் சமமாகப் பங்கிடச் சொல்லுங்கள். எந்தத் தொகை பங்குபட்டது, எது மிச்சம் விட்டது, ஏன் விட்டது என்று கேளுங்கள். பங்கு பிசகினால் முதலில் முறையிடுவது பிள்ளையே; அம்முறையீட்டில் தொடங்கும் கணிதத்தை அது மறக்காது.

மாணவர்களுக்கு ஒரு வினாவும் உண்டு. ஏலக் குவியல் ஒன்றில் ஆயிரத்துக்குப் பதிலாகத் தவறுதலாக 1,001 சிப்பிகள் வைக்கப்பட்டுவிட்டன என்று கொள்க. அதனை மிச்சமின்றி எத்தனை பேருக்குப் பங்கிடலாம்? இரண்டு, மூன்று, ஐந்து ஆகியவற்றால் முடியாது என்பதைப் பார்த்த மாத்திரத்திலே சொல்லிவிடலாம். ஆயினும் அது பகா எண் அன்று. எத்தனை வகையாகப் பங்கிடலாம் என்பதை இன்று மாலைக்குள் வீட்டிலே கண்டுபிடித்து, தந்தையாரிடமோ தமக்கையாரிடமோ காட்டுங்கள்.